28-வது அவுட்! டெட்ராய்ட் மைதானமும் நான்கு அம்பயர்களும்

அமெரிக்காவில் கார் நகரம் என்றாலே டெட்ராய்ட்தான். ஊரின் தெற்கே ஓடும் ஆற்றைத் தாண்டினால் கனடா. நகரின் நடுவே நீண்டு கிடக்கும் உட்வர்டு அவென்யூவில் கொஞ்ச தூரம் நடந்தால், வாயைப் பிளந்தபடி நிற்கும் பிரம்மாண்டமான புலிச் சிலைகள் கண்ணில் படும். அவற்றின் காலடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் எந்தக் குடும்பமும் உள்ளே போவதில்லை. அதுதான் கொமெரிக்கா பார்க். டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் சொந்த மைதானம்.

2000-ம் ஆண்டு திறக்கப்பட்ட இந்த மைதானத்தில் பாதி திருவிழாக் களை. குழந்தைகள் சுற்றும் குடை ராட்டினத்தில் குதிரைகளுக்குப் பதிலாகப் புலிகள். ராட்சத ராட்டினத்தின் கூண்டுகளோ பேஸ்பால் பந்தின் வடிவத்தில் இருக்கும். ஸ்கோர்போர்டின் உச்சியிலும் இரண்டு புலிகள். சுற்றுச்சுவருக்கு அப்பால் நகரத்து உயரமான கட்டடங்கள் வரிசைகட்டி நிற்கும். ஆட்டம் பிடிபடாதவர்கூட இங்கே மூன்று மணி நேரத்தை அலுப்பில்லாமல் கழித்துவிடலாம்.

ஆனால், மைதானத்துக்குள் நான்கு பேர் இருப்பார்கள். அவர்களைப் பார்ப்பதற்காக யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. அவர்கள் பெயரை ரசிகர்கள் தெரிந்துகொண்டால், பெரும்பாலும் அது திட்டுவதற்காகத்தான் இருக்கும். அவர்கள்தான் அம்பயர்கள். 2010-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்த மைதானத்தில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் நடந்ததை பேஸ்பால் உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் அந்த நால்வரில் ஒருவர்.

நான்கு மூலை, நான்கு பேர்

கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு பேஸ்பால் மைதானம் முதலில் குழப்பமாகத் தெரியும். திருப்பிவைத்த ஒரு சதுரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழ் மூலையில் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட். அங்கிருந்து வலப்பக்கம் முதல் பேஸ், எதிரே இரண்டாவது, இடப்பக்கம் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் நடுவே 90 அடி. பந்தை அடித்தவர் முதல் பேஸை நோக்கி ஓட வேண்டும். அவர் கால் படுவதற்கு முன்பே, பந்தைக் கையில் பிடித்த ஃபீல்டர் அந்த பேஸை மிதித்துவிட்டால் அவுட்.

கிரிக்கெட்டில் களத்துக்குள் இரண்டு அம்பயர்கள். அமெரிக்காவின் பெரிய லீகில் நான்கு பேர். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கேட்சரின் முதுகுக்கு மேலே குனிந்து நிற்பவர் ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்பு சொல்ல வேண்டும். மற்ற மூவரும் மூன்று பேஸ்களைப் பார்த்துக்கொள்வார்கள். பிளே ஆஃப் ஆட்டங்களில் எல்லைக்கோடுகளைக் கவனிக்க மேலும் இருவர் சேர்ந்து ஆறு பேர் ஆவார்கள்.

நால்வரும் சீசன் முழுவதும் ஒரே குழுவாக ஊர் ஊராகப் போகிறவர்கள். சொந்த மைதானம் என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. மூத்தவர் ஒருவர் குழுவுக்குத் தலைவர். வேலை தினமும் சுற்றில் மாறும். இன்று முதல் பேஸில் நின்றவர் நாளை ஹோம் பிளேட்டுக்கு வருவார். ஹோம் பிளேட்டில் நின்றவர் மூன்றாவது பேஸுக்குப் போவார். கடினமான வேலை ஒருவர் தலையிலேயே விடியாமல் இருக்க இது ஓர் ஏற்பாடு. இந்தச் சுற்று முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட் கதையில் இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

கண்ணுக்குக் கால், காதுக்குப் பந்து

முதல் பேஸ் அம்பயரின் வேலை வெளியே இருந்து பார்க்க எளிதாகத் தெரியும். ஓடுகிறவருக்கு நான்கு விநாடி சொச்சத்தில் 90 அடி. அதே நேரத்தில் வேறொரு திசையிலிருந்து பந்து பறந்து வரும். பந்தையும் காலையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. அதனால் அம்பயர்களுக்கு ஒரு பாடம் சொல்லித்தருகிறார்கள். கண்ணைப் பேஸின் மேல் வை, காதைப் பந்துக்குக் கொடு. பந்து கையுறையில் விழும் 'டப்' சத்தம் முந்தியதா, கால் பேஸைத் தொட்டது முந்தியதா என்பதுதான் தீர்ப்பு. நாற்பதாயிரம் பேர் கத்தும்போது அந்த 'டப்' சத்தத்தைப் பிரித்துக் கேட்பதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும்.

மற்றவர்களும் சும்மா நிற்பதில்லை. பேஸ்களில் ஆள் இல்லாத நேரத்தில் பந்து தரையில் உருண்டால், ஹோம் பிளேட் அம்பயர் பேட்டருக்குப் பின்னாலேயே முதல் பேஸை நோக்கிக் கொஞ்ச தூரம் ஓடி வருவார். ஃபீல்டரின் கால் பேஸை விட்டு விலகியதா என்பது அந்தக் கோணத்தில்தான் நன்றாகத் தெரியும். பந்து உயரமாகப் பறந்தால் ஓர் அம்பயர் அதைத் துரத்திக்கொண்டு வெளியே ஓடுவார். அவர் விட்டுப்போன இடத்தை மற்ற மூவரும் பேசாமலே நகர்ந்து நிரப்பிவிடுவார்கள்.

அடுத்த பந்து வருவதற்கு முன், இவர்களுக்குள் சைகையிலேயே ஒரு பேச்சு ஓடும். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக் காட்டினால், 'அடுத்த அவுட் விழும் முன் ரன் வந்ததா என்று நேரத்தைக் கவனியுங்கள்' என்று அர்த்தம். இப்படி இன்னும் பல சைகைகள். ஒன்றாகவே பயணம் செய்து, ஒரே அறையில் உடை மாற்றுகிறவர்களின் தனி மொழி அது.

கேட்டால்தான் உதவி

நான்கு பேர் பார்க்கிறார்களே, தவறு என்று தெரிந்தால் ஒருவர் குறுக்கே வந்து சொல்லிவிடலாமே? அங்கேதான் பேஸ்பால் விதிப் புத்தகம் ஒரு கோடு போட்டிருக்கிறது. தீர்ப்பு சொன்ன அம்பயர் தானாகக் கேட்டால் தவிர, இன்னொரு அம்பயர் அந்தத் தீர்ப்பை விமர்சிக்கவோ, மாற்றச் சொல்லவோ, குறுக்கிடவோ கூடாது.

தெருவில் நாலு பேர் கூடி ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா! அதைத் தடுக்கத்தான் இந்த விதி. அதே புத்தகம், சந்தேகம் இருந்தால் சக அம்பயரைக் கேட்கத் தயங்காதே என்றும் சொல்கிறது. அம்பயரின் கௌரவம் முக்கியம்தான், ஆனால் சரியான தீர்ப்பு அதைவிட முக்கியம் என்பது அதன் கருத்து.

எல்லா ஆட்டத்திலும் கண்ணில் படும் உதாரணம் ஒன்று உண்டு. பேட்டர் மட்டையைப் பாதி சுழற்றிவிட்டு நிறுத்திக்கொள்வார். சுழற்றினாரா, இல்லையா? பின்னால் நிற்கும் அம்பயருக்குச் சரியாகத் தெரியாது. உடனே கையை நீட்டி, பக்கவாட்டில் நிற்பவரைக் கேட்பார். வலது கை பேட்டர் என்றால் முதல் பேஸ் அம்பயர், இடது கை என்றால் மூன்றாவது பேஸ் அம்பயர். பதில் ஒரு கையசைவில் வந்துவிடும்.

பெரிய சிக்கல் வந்தால் நால்வரும் மைதானத்தின் நடுவே ஒரு வட்டமாகக் கூடுவார்கள். வீரர்களுக்கும் மேனேஜர்களுக்கும் அந்த வட்டத்துக்குள் அனுமதி இல்லை. யார் எங்கே நின்றார், எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் அங்கே பேச்சு.

நியூயார்க்கில் ஒரே இரவில் இரண்டு முறை

இந்த வட்டம் என்ன செய்யும் என்பதை 2004 அக்டோபர் 19 அன்று நியூயார்க்கின் பழைய யாங்கீ ஸ்டேடியம் பார்த்தது. ஜென்மப் பகையாளிகளான யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதிய பிளே ஆஃப் தொடரின் ஆறாவது ஆட்டம். முதல் மூன்றையும் யாங்கீஸ் ஜெயிக்க, அடுத்த இரண்டையும் பாஸ்டன் பிடித்திருந்தது. உள்ளூர்க் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது.

நான்காவது இன்னிங்ஸ். பாஸ்டனின் மார்க் பெல்ஹார்ன் அடித்த பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டி, முன்வரிசை ரசிகர் ஒருவரின் நெஞ்சில் பட்டு மைதானத்துக்குள்ளேயே திரும்பி விழுந்தது. சுவரைத் தாண்டியதால் அது ஹோம் ரன், நம் ஊர் சிக்ஸர் மாதிரி. ஆனால் இடப்பக்க எல்லைக்கோட்டில் நின்ற அம்பயர், பந்து சுவரில் பட்டுத் திரும்பியது என்று நினைத்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். அவர் பெயர் ஜிம் ஜாய்ஸ். பாஸ்டன் மேனேஜர் ஓடிவந்து முறையிட்டதும் ஆறு அம்பயர்களும் கூடினார்கள். வேறு கோணத்தில் பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டு, தீர்ப்பு மாறியது. பாஸ்டனுக்கு மூன்று ரன்.

எட்டாவது இன்னிங்ஸில் அடுத்தது. யாங்கீஸ் நட்சத்திரம் அலெக்ஸ் ரோட்ரிகஸ் முதல் பேஸுக்கு ஓடும்போது, தன்னைத் தொட்டு அவுட்டாக்க வந்த பிட்சரின் கையுறையைத் தட்டிவிட்டார். பந்து சிதறி ஓட, ஒரு ரன்னும் வந்தது. முதல் பேஸ் அம்பயர் முதலில் சேஃப் என்றார். மறுபடியும் வட்டம் கூடியது. ஹோம் பிளேட்டில் இருந்த ஜோ வெஸ்ட் அந்தத் தட்டலைப் பார்த்திருந்தார். ரோட்ரிகஸ் அவுட், ரன்னும் ரத்து!

இரண்டு முறையும் உள்ளூர் அணிக்கு எதிராகத் தீர்ப்பு மாறியதும், அரங்கிலிருந்து மைதானத்துக்குள் பொருட்கள் பறந்து வந்தன. கடைசி இன்னிங்ஸில் கலவரத் தடுப்புப் போலீஸார் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றார்கள். பாஸ்டன் 4-2 என ஜெயித்தது. அன்று அம்பயர்களுக்கு டி.வி ரீப்ளே வசதி கிடையாது. பல ஜோடிக் கண்களும், 'நான் சரியாகப் பார்க்கவில்லை' என்று ஒத்துக்கொள்ளும் மனமும்தான் இருந்தன.

ஜூன் 2, ஒன்பதாவது இன்னிங்ஸ்

அதே ஜிம் ஜாய்ஸ், ஆறு வருடம் கழித்து டெட்ராய்ட் கொமெரிக்கா பார்க்கில் முதல் பேஸ் அருகே நின்றார். 2010 ஜூன் 2, புதன்கிழமை இரவு. எதிரணி கிளீவ்லாந்து. டெட்ராய்ட்டுக்காகப் பந்து வீசியவர் அர்மாண்டோ கலராகா என்ற 28 வயது வெனிசுவேலா இளைஞர். கொஞ்ச நாளுக்கு முன்புதான் பக்கத்து டொலிடோ நகரத்தின் இரண்டாம் நிலை அணியிலிருந்து மேலே அழைக்கப்பட்டிருந்தார். அம்பயர் ஜாய்ஸ் பிறந்த ஊரும் அந்த டொலிடோதான்.

பேஸ்பாலில் 'பெர்ஃபெக்ட் கேம்' என்று ஒன்று உண்டு. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், மொத்தம் 27 பேட்டர்கள். அவர்களில் ஒருவர்கூட முதல் பேஸை எட்டாமல் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பெரிய லீக் வரலாற்றில் அன்றைக்கு வரை 20 முறைதான் நடந்திருந்தது. டெட்ராய்ட் பிட்சர் ஒருவர்கூட அதைச் செய்ததில்லை.

கலராகா 26 பேரை வரிசையாக அனுப்பிவிட்டார். ஒன்பதாவது இன்னிங்ஸில் தலைக்கு மேலே பறந்த ஒரு பந்தை, முதுகைக் காட்டியபடி ஓடிப் பிடித்தார் ஆஸ்டின் ஜாக்சன். அரங்கம் எழுந்து நின்றது. இன்னும் ஒரே ஒரு அவுட்!

27-வது பேட்டர் ஜேசன் டொனால்ட் பந்தைத் தரையோடு அடித்தார். முதல் பேஸ் காவலர் மிகேல் கப்ரேரா விலகி ஓடி அதை எடுத்தார். காலியான பேஸை நோக்கி கலராகாவே ஓடி, எறிந்த பந்தைப் பிடித்து, பேஸை மிதித்தார். டொனால்டின் கால் அதன் பிறகே வந்தது. வீரர்கள் கையை உயர்த்தத் தொடங்கிவிட்டார்கள்.

ஜிம் ஜாய்ஸ் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். சேஃப்!

கலராகா கோபப்படவில்லை, கத்தவில்லை. நம்ப முடியாமல் ஒரு புன்னகை. அவ்வளவுதான். மேனேஜர் ஜிம் லேலண்ட் ஓடிவந்து வாதாடினார், பலிக்கவில்லை. கலராகா திரும்பிப் போய் அடுத்த பேட்டரை அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்தார். டெட்ராய்ட் 3-0 என ஜெயித்தது. கணக்குப்படி கலராகா எடுத்தது 28 அவுட்.

அந்த வட்டம் அன்றைக்கு ஏன் கூடவில்லை? மற்ற மூவருக்கும் அவரைவிட நல்ல கோணம் இல்லை. அவரும் கேட்கவில்லை. ஏனென்றால், ஜாய்ஸுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. டொனால்ட் முந்திவிட்டார் என்றே உறுதியாக நம்பினார். 2004-ல் சரியாகப் பார்க்காத இடத்தில் நண்பர்கள் காப்பாற்றினார்கள். 2010-ல் நன்றாகப் பார்த்தோம் என்ற நம்பிக்கையே அவரை மாட்டிவிட்டது. சந்தேகம் உள்ளவனுக்கு நாலு பேர் உதவலாம். சந்தேகமே வராதவனுக்கு யார் உதவ முடியும்?

மறுநாள் மதியம்

ஆட்டம் முடிந்து அம்பயர் அறைக்குப் போன ஜாய்ஸ், டி.வி-யில் அந்தக் காட்சியைப் பார்த்தார். ஒரு முறை பார்த்ததே போதுமாக இருந்தது. பத்திரிகையாளர்களிடம் மறைக்காமல் ஒத்துக்கொண்டார். அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமை நான்தான் கெடுத்துவிட்டேன் என்றார். கலராகாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். கலராகா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தவறு செய்யாத மனிதர் யார் என்பதுதான் நிருபர்களிடம் அவர் சொன்னதின் சாரம்.

அம்பயர்கள் இப்படி வெளிப்படையாகத் தவறை ஒத்துக்கொள்வது அபூர்வம். ரசிகர்களின் கோபம் ஒரே இரவில் பாதி வடிந்ததற்கு அதுதான் காரணம்.

மறுநாள் வியாழக்கிழமை, அதே மைதானத்தில் பகல் ஆட்டம். முன்னே சொன்ன சுற்று முறை நினைவிருக்கிறதா? முதல் பேஸில் நின்றவர் மறுநாள் ஹோம் பிளேட்டுக்கு வர வேண்டும். விருப்பமிருந்தால் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று ஜாய்ஸிடம் சொல்லிப்பார்த்தார்கள். அவர் மறுத்துவிட்டார்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இரு அணிகளும் பேட்டிங் வரிசைச் சீட்டை ஹோம் பிளேட் அம்பயரிடம் கொடுக்க வேண்டும். வழக்கமாக மேனேஜரோ பயிற்சியாளரோ கொண்டுவருவார்கள். அன்றைக்கு லேலண்ட் அந்தச் சீட்டைக் கலராகா கையில் கொடுத்து அனுப்பினார். சீட்டை வாங்கிய ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டே அந்த இளைஞரின் தோளில் தட்டினார். முந்தின இரவு கூச்சல் போட்ட அரங்கில் கைதட்டல் எழுந்தது.

சில நாட்களில், வீரர்களிடம் நடத்திய ரகசிய வாக்கெடுப்பு ஒன்றை விளையாட்டுச் சேனல் வெளியிட்டது. லீகின் சிறந்த அம்பயர் என்று வீரர்கள் தேர்ந்தெடுத்தது ஜிம் ஜாய்ஸை!

மிச்சிகன் மாநில கவர்னர், கலராகா ஆடியது பெர்ஃபெக்ட் கேம்தான் என்று ஓர் அறிவிப்பே வெளியிட்டார். லீக் தலைமை மட்டும் தீர்ப்பை மாற்றவில்லை. பதிவேட்டில் இன்றும் அது 'ஒரு ஹிட்' ஆட்டம்தான்.

காதில் ஹெட்செட், கண் நியூயார்க்கில்

கிரிக்கெட்டில் டி.வி அம்பயர் 1992-லேயே வந்துவிட்டார். டர்பன் டெஸ்ட்டில் அந்த முறையில் முதலில் அவுட்டானவர் நம் சச்சின் டெண்டுல்கர். பேஸ்பால் தயங்கித் தயங்கி 2008-ல்தான் ரீப்ளேயை ஏற்றது. அதுவும் ஹோம் ரன் சந்தேகங்களுக்கு மட்டும். அதனால்தான் டெட்ராய்ட்டில் ஜாய்ஸின் தீர்ப்பை யாராலும் திருப்பிப் பார்க்க முடியவில்லை.

2014-ல் கதவு அகலமாகத் திறந்தது. முதல் பேஸ் தீர்ப்பையும் எதிர்த்து மேனேஜர் முறையிடலாம். அம்பயருக்குச் சந்தேகம் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கேட்கும் உரிமை வெளியே இருப்பவருக்கும் கிடைத்துவிட்டது. முறையீடு வந்ததும், நியூயார்க் நகரத்தில் வரிசையாகத் திரைகள் மாட்டிய ஓர் அறையில், எல்லாக் கேமராக் கோணங்களையும் ஒருவர் பார்ப்பார். அவரும் களத்தில் நிற்கும் அம்பயர்தான். முறை வைத்து அங்கே உட்காருகிறார்கள். ஐந்தாவது அம்பயர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தீர்ப்பை மாற்ற அவருக்குத் தெளிவான ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் களத்தில் சொன்னதே நிற்கும். முதல் சீசனிலேயே, பரிசீலனைக்குப் போன தீர்ப்புகளில் ஏறக்குறைய பாதி மாறின. வெறும் கண்ணுக்கு எட்டாத நூலிழை வித்தியாசங்கள்தான் அவற்றில் நிறைய.

இன்றைக்கு கொமெரிக்கா பார்க்கில் உட்கார்ந்து பார்த்தால் இதெல்லாம் கண்ணெதிரே நடக்கும். இரண்டு அம்பயர்கள் ஓரமாக நடந்துபோய் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார்கள். பாப்கார்ன் கொறிக்கும் கைகள் நின்றுவிடும். பிறகு, 2022-ல் வந்த வழக்கப்படி, ஓர் அம்பயர் மைக்கில் தீர்ப்பை அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். பாதிக் கூட்டம் குதிக்கும், மீதிக் கூட்டம் முணுமுணுக்கும்.

அங்கே போகிற வாய்ப்புக் கிடைத்தால், ஒரு இன்னிங்ஸாவது பந்தை விட்டுவிட்டு அந்த நால்வரைப் பாருங்கள். யார் யாரைப் பார்த்துக் கையசைக்கிறார், ஒருவர் ஓடினால் யார் அந்த இடத்துக்கு வருகிறார் என்று கவனியுங்கள். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் வீரர்களுக்குக் கையசைக்கும். நால்வரும் ஒன்றாக, பேசாமல் உள்ளே போய்விடுவார்கள். அன்றைக்கு முதல் பேஸில் என்ன நடந்திருந்தாலும் சரி, அங்கே நின்றவர் மறுநாள் ஹோம் பிளேட்டுக்கு வந்தாக வேண்டும்.